மேசை இல்லாத தலைவர்

நேயர்களுக்கு வணக்கம்.

லண்டனில் போர்ட்லண்ட் பிளேஸ் தெருவில் பிபிசியின் தலைமையகம் இருக்கிறது. அதன் அஞ்சல் குறியீடு டபிள்யூ1ஏ 1ஏஏ. அதன் முன்பாதியான 'டபிள்யூ1ஏ'வையே பெயராக வைத்துக்கொண்டு, 2014 மார்ச்சில் பிபிசி டூவில் ஒரு நகைச்சுவைத் தொடர் வந்தது. 2017 வரை மூன்று பருவங்கள், மொத்தம் 14 பகுதிகள். அது கேலி செய்தது பிபிசியின் நிர்வாகத்தை. காசு கொடுத்து எடுத்ததும் பிபிசிதான், படப்பிடிப்புக்குத் தன் கட்டடத்தையே திறந்துவிட்டதும் பிபிசிதான். தன் வீட்டுக் குறையைத் தானே நாலு பேர் பார்க்க எடுத்து வைக்கிற மனசு எத்தனை நிறுவனத்துக்கு வரும்? எனக்கு அந்தத் தொடர் மேல் முதலில் மரியாதை வந்தது இதனால்தான்.

கதை இயன் ஃபிளெட்சர் என்ற அதிகாரியைச் சுற்றி நடக்கிறது. நடித்தவர் ஹியூ பானவில். இயனுக்குக் கிடைக்கும் புதிய பதவி, 'விழுமியங்களின் தலைவர்'. அந்தப் பதவியில் உட்கார்ந்து என்ன செய்ய வேண்டும் என்று யாரும் அவருக்குத் தெளிவாகச் சொல்வதில்லை. சரி, உட்காரவாவது இடம் உண்டா? அதுவும் இல்லை. அங்கே யாருக்கும் சொந்த மேசை கிடையாது. காலியாக இருக்கிற இடத்தில் உட்கார்ந்துகொள்ள வேண்டியதுதான். மடக்கு சைக்கிளில் வந்து இறங்கிய மனிதர், இடம் தேடித் தளம் தளமாக அலைகிறார். கடைசியில் கூட்ட அறைகளே கதி. அந்த அறைகளுக்குப் பழைய நகைச்சுவை நடிகர்களின் பெயர்கள். ஃபிராங்கி ஹோவர்ட் அறையில்தான் பாதி நிர்வாகம் நடக்கிறது.

அந்த அறைக்குள் நடப்பதைக் கொஞ்சம் கிட்டப் போய்ப் பார்க்கலாம். இங்கிலாந்தின் தென்மேற்குப் பகுதி மக்களை பிபிசி ஒதுக்குகிறது என்று முதல் பகுதியில் ஒரு புகார் வருகிறது. உண்டு அல்லது இல்லை என்று பதில் சொல்லிவிடக்கூடிய விஷயம். கூட்டம் போடுகிறார்கள். "நான் வேடிக்கைக்குச் சொல்லவில்லை, ஆனாலும்" என்று ஆரம்பித்து, எல்லோர் வயிற்றிலும் புளியைக் கரைக்கிறார் டிரேசி. எதைச் சொன்னாலும் "பிரமாதம்" என்கிறார் மேலதிகாரி சைமன் ஹார்வுட். அது சம்மதமா மறுப்பா என்று கடைசிவரை பிடிபடாது. "ஆமாம், அதேதான்" என்கிறார் அன்னா ராம்ப்டன், எதற்கு ஆமாம் என்று விளங்காமலே. பயிற்சிக்கு வந்த பையன் வில், "யெஸ், நோ, கூல்" என்று மூன்றையும் ஒரே மூச்சில் சொல்கிறான். "அப்ப சரி, எல்லாம் நல்லபடியா இருக்கு" என்று இயன் முடித்து வைக்க, எல்லோரும் எழுந்து போகிறார்கள். புகார் அப்படியே இருக்கிறது.

இத்தனை பேரில் ஒருவர்கூட லஞ்சம் வாங்கவில்லை, சோம்பிக் கிடக்கவில்லை. காலையிலிருந்து ஓடிக்கொண்டேதான் இருக்கிறார்கள். 'இல்லை' என்ற ஒரு சொல்லை வாய்விட்டுச் சொல்லத்தான் அங்கே ஆள் இல்லை. சொன்னால் பொறுப்பு சொன்னவர் தலையில் விழும். அதற்குப் பயந்து, ஒன்றையும் சொல்லாமலே பேசிக்கொண்டிருக்க ஒரு பேச்சையே பழகிக்கொண்டார்கள். அதிகார வர்க்கத்தைப் பற்றி எத்தனையோ கதை பார்த்திருக்கிறோம். நோய் அந்தப் பேச்சில்தான் இருக்கிறது என்று இவ்வளவு துல்லியமாகக் காட்டிய இன்னொன்றை நான் பார்த்ததில்லை.

எனக்கு இதில் இவ்வளவு அக்கறை வரக் காரணம் உண்டு. 1941இல் தொடங்கிய பிபிசியின் தமிழ்ச் சேவை, 2012இல் புஷ் ஹவுஸிலிருந்து இதே கட்டடத்துக்குத்தான் குடிபெயர்ந்தது. எங்கள் வீட்டில் இரவானால் அப்பா ரேடியோவின் முள்ளை மயிரிழை மயிரிழையாகத் திருப்புவார். இரைச்சலுக்குள்ளிருந்து அந்தச் சேவையின் 'தமிழோசை' நிகழ்ச்சி எழும்பும். சாப்பிடுகிற கை அப்படியே நிற்கும். 2017 ஏப்ரல் 30ஆம் தேதியோடு அந்தச் சிற்றலை ஒலிபரப்பு நின்றது. தொடருக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. ஆனால் ஃபிராங்கி ஹோவர்ட் அறையில் வார்த்தைகள் வீணாகும்போதெல்லாம் எனக்கு அந்த முள்தான் ஞாபகம் வரும். பொது ஒலிபரப்பு என்றால் எங்கேயோ ஒருவர் காதைத் தீட்டிக்கொண்டு காத்திருக்கிறார் என்று அர்த்தம். பிரிட்டனில் அந்த ஒருவர் காசும் கொடுக்கிறார். பிபிசி நடக்க மக்கள் கட்டுகிற தொலைக்காட்சி உரிமக் கட்டணம், தொடர் வந்த 2014இல் வருடத்துக்கு 145.50 பவுண்ட்.

இதை எழுதி இயக்கிய ஜான் மார்ட்டன் வானொலிக்கும் எழுதியவர். அதனால் ஒரு யோசனை சொல்கிறேன். தொடர் கிடைத்தால், முதல் பகுதியின் ஒரு கூட்டத்தையாவது கண்ணை மூடிக்கொண்டு கேளுங்கள். பாதியில் அறுகிற வாக்கியமும், ஒருவர் பேச்சு மேல் இன்னொருவர் பேச்சு ஏறுவதும், நடுவில் விழுகிற அந்த ஒற்றை "பிரமாத"மும் காதுக்கு இன்னும் நன்றாகக் கேட்கும்.

நன்றி, வணக்கம்.