பிளேக்கின் நீர்வண்ணமும் அச்சுத் தாளும்

அவையோருக்கு வணக்கம். நரகம் முதல் சொர்க்கம் வரை செல்லும் இத்தாலியக் கவிஞர் தாந்தேயின் காவியத்துக்கு ஆங்கிலக் கவிஞரும் ஓவியருமான வில்லியம் பிளேக் வரைந்த நீர்வண்ண ஓவியங்களை நல்ல அச்சுப் பிரதியாக எடுப்பது எப்படி என்பதையே இன்று எடுத்துக்கொள்கிறேன். 1824-இல் ஓவியர் ஜான் லின்னல் கேட்டுத் தொடங்கிய வேலை. 1827-இல் பிளேக் இறந்தபோது 102 தாள்கள் இருந்தன, பல முடியவில்லை. 1918-இல் தொகுப்பு பிரிந்தது. மெல்போர்னுக்கு 36, லண்டன் டேட் காட்சியகத்துக்கு 20, மிச்சம் வேறு காட்சியகங்களுக்கு.

முடியாத தாள்தான் அச்செடுப்பவருக்குச் சோதனை. பென்சில் கோடு, ஒரே ஒரு பூச்சாகப் போட்ட வெளிர்நீலம், வெறும் தாள் மூன்றும் அதில் அக்கம்பக்கமாக நிற்கும். கடைகளில் தொங்கும் பிரதிகள் பலவற்றில் கான்ட்ராஸ்டை ஏற்றி நரகத்தை எரியவிட்டிருப்பார்கள். பென்சில் கோடு காணாமல் போயிருக்கும். எத்தனை பளிச்சென்று இருந்தாலும் அது பிளேக் இல்லை. (எண்ணெய் வண்ணத்தையே வெறுத்த மனிதர் அவர்!)

முதலில் அளவு. டேட்டில் உள்ள, தாந்தேயின் காதலி பியாட்ரிஸ் தேரிலிருந்து தாந்தேயிடம் பேசும் ஓவியம் ஏறக்குறைய 37 × 53 செ.மீ. அதே அளவில், அங்குலத்துக்கு 300 பிக்சல் வேண்டுமென்றால் அகலத்தில் சுமார் 6,200 பிக்சல் தேவை. 3,000 பிக்சல் கோப்பை அந்த அளவுக்கு இழுத்தால் முதலில் சாவது பென்சில் கோடுதான்.

அடுத்தது தாள். சதுர மீட்டருக்கு 300 கிராம் எடையுள்ள, மினுமினுப்பில்லாத முழுப் பருத்தித் தாள் பொருந்தும். ஒளிர்வூட்டி (தாளை வெண்மையாகக் காட்டச் சேர்க்கும் வேதிப்பொருள்) கலந்த தாள் வேண்டாம்: இன்று நீலவெள்ளையாக மின்னும், ஒளிர்வூட்டி செயலிழந்ததும் மஞ்சளாகத் தெரியும். இங்கே ஒரு சிக்கல் உண்டு. மூலத்தாளின் பழுப்பும் கோப்பில் பதிவாகியிருக்கும். அதை ஏற்கெனவே மஞ்சள் சாயலுள்ள தாளில் அச்சிட்டால் பழுப்பு இரட்டிப்பாகி, வெளிர்நீலம் பச்சையாகச் சாயும். அதனால் பருத்தித் தாளிலும் சாயல் இல்லாத வெள்ளையைத் தேர்ந்தெடுத்து, மூலத்தின் பழுப்பை மையே தரட்டும். பழுப்பைக் கோப்பிலிருந்து துடைத்தெடுக்கும் வேலை வேண்டாம். அதோடு மெல்லிய பூச்சும் போய்விடும்.

கரைந்த சாய மை அல்ல, நிறமித் துகள்கள் கொண்ட பிக்மென்ட் மை. மேட் (மினுமினுப்பில்லாத) தாளுக்குரிய கறுப்பு மை. அந்தத் தாளுக்கென்று எடுத்த ஐசிசி புரொஃபைல், அதாவது நிறம் சரியாக வர அச்சு இயந்திரத்துக்கு வழிகாட்டும் கோப்பு. மானிட்டர் வெளிச்சம் கூடுதலாக இருந்தால் அச்சு இருட்டாக வரும். சதுர மீட்டருக்கு 80 முதல் 120 கேண்டெலாவுக்குள் (ஒளியை அளக்கும் அலகு) வையுங்கள். முழுத்தாளை அடிப்பதற்கு முன் மிக வெளிறிய மூலையையும் மிக அடர்ந்த மூலையையும் கையகல அளவில் சோதித்து, 5,000 கெல்வின் விளக்கின் கீழ் பாருங்கள்.

அச்சு வந்ததும் ஒரு நாளாவது ஆறவிட்டுச் சட்டமிடுங்கள். அவசரப்பட்டால் மையில் மிஞ்சிய கரைப்பான் கண்ணாடியின் உட்புறம் மூட்டமாகப் படியும். அமிலமற்ற மவுண்ட் அட்டை போதும், ஆனால் பிரதி கண்ணாடியைத் தொடக்கூடாது. ஒட்டுவதற்கு ஜப்பானியத் தாள் கீற்றும் கோதுமைப் பசையும் போதும், அதுவும் மேல் ஓரத்தில் மட்டும். நான்கு பக்கமும் ஒட்டினால் ஈரப்பதம் ஏறி இறங்கும்போது தாள் அலையடிக்கும்.