அடுத்த எண்

(திருவல்லிக்கேணியில் பழைய மாணவர்கள் கூடியபோது பேசியது)

தலைவர் அவர்களே, ஆசிரியப் பெருமக்களே, நரைப்பதற்காவது முடி மிச்சமிருக்கும் நண்பர்களே, அதுவும் இல்லாத நண்பர்களே, எல்லோருக்கும் வணக்கம்.

எனக்கு முன்னால் பேசியவர்கள் கமர்கட்டு, தேன் மிட்டாய், மூர் மார்க்கெட் பழைய புத்தகக் கடை என்று ஒன்றையும் விட்டுவைக்கவில்லை. மூர் மார்க்கெட் 1985இல் எரிந்தே போனது. அதற்குமேல் நான் என்ன சொல்ல? அதனால் நாம் உட்கார்ந்த வரிசையைப் பற்றிக் கொஞ்சம் பேசுகிறேன்.

யோசித்துப் பாருங்கள், இங்கே யாரும் தன் நண்பனைத் தேடிப் பிடிக்கவில்லை. குட்டையானவன் முன் பெஞ்சு, நெட்டையானவன் கடைசி பெஞ்சு என்று வாத்தியார் உட்கார வைத்தார். வக்கீல் பையன் பக்கத்தில் ரிக்‌ஷாக்காரர் பையன். அப்புறம் கல்லூரியில் மார்க் நம்மைப் பிரித்தது, ஆபீஸில் பதவி பிரித்தது. இப்போது குடியிருக்கும் ஃபிளாட்டில் யார் பக்கத்து வீட்டுக்காரர் என்பதைச் சதுர அடி விலையே தீர்மானித்துவிடுகிறது. வெறும் உயரத்தைப் பார்த்து நம்மை உட்கார வைத்த இடம் அதற்கப்புறம் கிடைக்கவே இல்லை.

என் பக்கத்தில் உட்கார்ந்தவனுக்கும் எனக்கும் உயரமும் ஒன்று, பெயரின் முதல் எழுத்தும் ஒன்று. ஆகவே பெஞ்சிலும் பக்கத்தில், அட்டெண்டன்ஸிலும் பக்கத்தில். 1982 பொங்கல் சமயத்தில் சேப்பாக்கத்தில் இங்கிலாந்தோடு டெஸ்ட் மேட்ச் நடந்தது, நினைவிருக்கிறதா? விஸ்வநாத் 222 அடித்தாரே, அந்த மேட்ச். டிக்கெட்டுக்கு ஏது காசு! அவன் வீட்டு டிரான்சிஸ்டரைத் தூக்கிக்கொண்டு ஸ்டேடியத்துக்கு வெளியே மதிலோரம் உட்கார்ந்தோம். உள்ளே சத்தம் எழும்பிய பிறகுதான் என்ன நடந்தது என்று ரேடியோ சொல்லும். ரெண்டாம் நாள் முழுக்க விக்கெட்டே விழவில்லை. காம்போசிஷன் நோட்டின் கடைசிப் பக்கத்தில் கோடு போட்டு, ஒவ்வொரு ரன்னாக அவன் பென்சிலில் எழுதிக்கொண்டே வந்தான். பென்சில் மழுங்கினால் மதில் சுவரிலேயே தேய்த்துக் கூராக்கிக்கொள்வான். சாயங்காலம் அவன் போட்ட கூட்டலும் ரேடியோக்காரர் சொன்ன கூட்டலும் ஒன்றாக இருந்தன. அந்த மார்ச்சில்தான் நமக்குப் பத்தாம் வகுப்புப் பரீட்சை.

ரிசல்ட் மாலைப் பேப்பரில் வரும். பெயர் கிடையாது, வெறும் எண்கள், பொடி எழுத்தில். கடையில் ஒரே பேப்பரை ஏழெட்டுப் பேர் இழுத்ததில் நடுவில் கிழிந்தது. என் எண் இருந்தது. அடுத்த எண் இல்லை. அதற்கடுத்தது இருந்தது. என் தோளுக்கு மேலே எட்டி அவனும் பார்த்துக்கொண்டிருந்தான். "உன்னுது இருக்குடா" என்றான், அவ்வளவுதான். போனது கணக்கில் இல்லை, இங்கிலீஷில்.

அக்டோபர் பரீட்சையிலாவது எழுதினானா, தெரியாது. எனக்குப் பிளஸ் ஒன் வந்துவிட்டது, புதுப் பையன்கள் வந்துவிட்டார்கள். நம்மில் பலருடைய கதையும் இதுதான் என்று நினைக்கிறேன்.

நம் வாட்ஸ்அப் குழுவைப் பார்க்கிறேன். டாக்டர், ஆடிட்டர், பேங்க் மேனேஜர், அமெரிக்காவில் ரெண்டு மூன்று பேர். சந்தோஷம்தான், குறை சொல்லவில்லை. ஆனால் ஃபெயிலானவன் ஒருவனாவது அதில் இருக்கிறானா? 'நம்ம செட்டு' என்று மார்தட்டுகிறோமே, அது பாஸானவர்களின் செட்டு. ஒன்பதாவதிலேயே டி.சி. கொடுத்து அனுப்பப்பட்ட பையன்களும் உண்டு. பத்தாவதில் நூற்றுக்கு நூறு காட்ட வேண்டும் என்பதற்காகப் பல பள்ளிகளில் இந்த வேலை நடந்தது. அந்தப் பையன்களை குரூப் போட்டோவில்கூடக் காண முடியாது. போட்டோ எடுத்தது பத்தாவதில்தானே.

விழாக் குழுவினரிடம் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். அடுத்த முறை அழைப்பு அனுப்பும்போது பாஸ் பட்டியலை எடுக்காதீர்கள். ஆறாம் வகுப்புச் சேர்க்கைப் பதிவேட்டை எடுங்கள். அப்பா பெயர், வீட்டு விலாசம் எல்லாம் அதில் எழுதியிருப்பார்கள். பாதித் தெருக்களுக்கு இப்போது பெயர் மாறியிருக்கும், பைகிராஃப்ட்ஸ் ரோடே பாரதி சாலை ஆகிவிட்டது. பரவாயில்லை, தெருமுனை டீக்கடையில் விசாரித்தால் யாராவது சொல்வார்கள். இந்தப் பக்கமே குடியிருப்பவர்கள் ஆளுக்கு நாலு பெயரை எடுத்துக்கொள்ளுங்கள். என் பங்குக்கான முதல் பெயரைச் செயலாளரிடம் எழுதிக் கொடுத்துவிட்டுத்தான் மேடை ஏறினேன்.