கப்பல் சாய்ந்துவிட்டால் படகு எதற்கு ஆகும்?

[திரையில்: டைட்டானிக்கின் படகுத் தளம், மேலிருந்து]

டைட்டானிக் என்றதும் எல்லாரும் சொல்வது, படகு போதவில்லை என்பதைத்தான். உண்மைதான். கப்பலில் ஏறத்தாழ 2,200 பேர்; இருந்த 20 உயிர்காப்புப் படகுகளில் 1,178 பேருக்குத்தான் இடம். இத்தனைக்கும் கப்பல் நிறுவனம் சட்டத்தை மீறவில்லை. 10,000 டன்னுக்கு மேற்பட்ட கப்பலுக்கு 16 படகு இருந்தால் போதும் என்றது அன்றைய பிரிட்டிஷ் விதி. டைட்டானிக்கோ 46,000 டன்.

சரி, அந்த இரவின் இன்னொரு கணக்கைப் பார்ப்போம். பனிப்பாறையில் மோதியதிலிருந்து மூழ்கும்வரை 2 மணி 40 நிமிடம் கிடைத்தது. கப்பல் பக்கவாட்டில் பெரிதாகச் சாயவும் இல்லை. முன்பக்கமாக மெல்ல அமிழ்ந்தது. அப்படியிருந்தும் கடைசி இரண்டு படகுகளை முறையாக இறக்க முடியவில்லை. 40 பேர் ஏறக்கூடிய ஒரு படகு வெறும் 12 பேரோடு போனது. அதாவது, கூடுதலாகப் படகு இருந்திருந்தாலும் அவற்றை இறக்க நேரம் எங்கே?

1914 மே மாதம் இதற்கு விடை கிடைத்தது. கனடாவின் செயின்ட் லாரன்ஸ் ஆற்றில், மூடுபனியில், எம்ப்ரஸ் ஆஃப் அயர்லாந்து என்ற பயணிகள் கப்பல் மீது ஒரு நிலக்கரிக் கப்பல் மோதியது. எல்லாருக்கும் போதுமான படகுகள் இருந்தன. ஆனால் கப்பல் சாய்ந்து மூழ்க ஆன நேரம் 14 நிமிடம். ஆயிரத்துக்கு மேற்பட்டவர்கள் இறந்தார்கள்.

[திரையில்: சாய்ந்த கப்பல், இருபுறமும் தொங்கும் படகுகள்]

கப்பல் ஒரு பக்கமாகச் சாய்ந்தால், உயரே போன பக்கத்துப் படகுகள் கப்பலின் சுவரிலேயே உரசி மாட்டிக்கொள்ளும். தாழ்ந்த பக்கத்துப் படகுகள் தளத்தைவிட்டு வெளியே விலகித் தொங்கும். ஆட்கள் ஏறுவது கடினம். இருக்கிற படகில் பாதி வீண்.

1915 ஜூலை 24 அன்று சிகாகோவில் நடந்ததுதான் எனக்கு இன்னும் ஜீரணமாகாதது. ஈஸ்ட்லேண்ட் என்ற உல்லாசக் கப்பல். ஒரு நிறுவனத்தின் ஊழியர்களும் அவர்கள் குடும்பத்தினருமாகச் சுற்றுலாவுக்கு 2,500 பேர் ஏறியிருந்தார்கள். அது முன்பே தள்ளாடும் கப்பல் என்று பெயர் எடுத்தது. டைட்டானிக்குக்குப் பிறகு 'எல்லாருக்கும் படகு' என்ற குரல் வலுத்ததால், சில வாரங்களுக்கு முன்புதான் மேல்தளத்தில் கூடுதல் படகுகளும் தெப்பங்களும் ஏற்றியிருந்தார்கள். மேலே பாரம் கூடியது. கப்பல் கிளம்பக்கூட இல்லை, கரையோரத்திலேயே கவிழ்ந்தது. 844 பேர் இறந்தார்கள். காப்பாற்ற வைத்த படகே ஆபத்தைக் கூட்டியது.

1956இல் ஆண்ட்ரியா டோரியா என்ற பயணிகள் கப்பலின் கதை வேறு மாதிரி. அமெரிக்காவின் நான்டுக்கெட் தீவுக்கு அருகே, ஸ்டாக்ஹோம் என்ற கப்பல் அதன் வலப்புறத்தில் மோதியது. பயணம் முடியும் நேரம். எரிபொருள் தொட்டிகள் காலியாக இருந்தன. உடைந்த பக்கத்துத் தொட்டிகளில் கடல்நீர் நிரம்பியது, மறுபக்கத்தில் வெறும் காற்று. கப்பல் உடனே கடுமையாகச் சாய, இடப்புறப் படகுகள் மொத்தமும் பயனற்றுப்போயின. ஆனால் அந்தச் சாய்வோடே 11 மணி நேரம் மிதந்தது. வானொலி அழைப்பைக் கேட்டு வந்த கப்பல்கள் தங்கள் படகுகளை அனுப்பின. இல் டி பிரான்ஸ் என்ற பெருங்கப்பல் தன் பயணத்தை விட்டுத் திரும்பி வந்து 750 பேருக்கு மேல் ஏற்றிக்கொண்டது. இறந்தவர்கள், இரு கப்பலிலும் சேர்த்து, 51 பேர். பெரும்பாலோர் மோதிய கணத்திலேயே.

அப்புறம் வந்தவை வண்டிகளை ஏற்றும் படகுக்கப்பல்கள். இவற்றின் வண்டித்தளம் குறுக்குச் சுவரே இல்லாத திறந்தவெளி. தட்டில் ஊற்றிய தண்ணீர்போல, உள்ளே புகுந்த நீர் மொத்தமும் ஒரே பக்கம் ஓடி, சாய்வை இன்னும் கூட்டும். 1987இல் பெல்ஜியத்தின் ஜீப்ருக் துறைமுகத்தில் ஹெரால்ட் ஆஃப் ஃப்ரீ என்டர்பிரைஸ் என்ற அப்படியொரு கப்பல் முன்கதவை மூடாமலே புறப்பட்டது. கதவு மூடியிருக்கிறதா என்று காட்டும் விளக்குகூட மாலுமி அறையில் இல்லை. 193 பேர் இறந்தார்கள். 1994இல் பால்டிக் கடலில் எஸ்டோனியா என்ற கப்பலின் முன்பக்க மூடியை அலை பிய்த்தெறிந்தது. 852 பேர் இறக்க, 137 பேர் பிழைத்தார்கள்.

இப்படிச் சாயும் கப்பலில் கெட்ட யோசனை, உள்ளே காத்திருப்பது. 2014இல் தென்கொரியாவின் செவோல் கப்பலில் 'இருக்கும் இடத்திலேயே இருங்கள்' என்று திரும்பத் திரும்ப அறிவித்தார்கள். கேப்டன் முதலில் தப்பியவர்களில் ஒருவர். 304 பேர் இறந்தார்கள், பெரும்பாலும் பள்ளி மாணவர்கள்.

[திரையில்: தென்னாப்பிரிக்கக் கடற்கரை, ஹெலிகாப்டர்]

இதற்கு நேர்மாறு 1991 ஆகஸ்டில் தென்னாப்பிரிக்கக் கடலில் நடந்தது. ஓசியானோஸ் கப்பலின் எஞ்சின் அறையில் நீர் புகுந்தது. கேப்டனும் பல ஊழியர்களும் பயணிகள் எல்லாரும் வெளியேறும் முன்பே கிளம்பிப் போனார்கள். கப்பலில் கிட்டார் வாசிக்க வந்த மோஸ் ஹில்ஸும் மற்றக் கலைஞர்களும்தான் படகுகளை இறக்கினார்கள். மாலுமி அறைக்குப் போய் ரேடியோவில் உதவி கேட்டதும் அவர்களே. கப்பல் இரவெல்லாம் தாக்குப்பிடித்தது. காலையில் வந்த ஹெலிகாப்டர்கள் எஞ்சியிருந்த 200க்கு மேற்பட்டவர்களைத் தூக்கிச் சென்றன. ஹில்ஸ் கடைசியாகக் கிளம்பிய சிலரில் ஒருவர். 571 பேரும் உயிர்பிழைத்தார்கள்.