இருபது மீட்டர் வகுப்பறை

ஆசிரியத் தோழர்களே,

கணினி வழியே ‘அவதார்’ என்னும் உருவமாக நுழைந்து நடமாடும் செகண்ட் லைஃப் மெய்நிகர் உலகம் 2003-இல் திறந்தது. 2006-லேயே ஹார்வர்டு சட்டப் பள்ளிப் பேராசிரியர் சார்லஸ் நெஸ்சனும் அவர் மகள் ரெபெக்காவும் அதற்குள் ஒரு பாடம் நடத்தினார்கள். இன்று அங்கே வகுப்பெடுக்கப் போகிறவர் முதலில் மனத்தில் வைக்கவேண்டிய எண் 20.

நாம் தட்டச்சு செய்யும் பேச்சு 20 மீட்டருக்குள் நிற்பவருக்கு மட்டுமே தெரியும். அதையே ‘கத்தல்’ என்று அனுப்பினால் 100, ‘கிசுகிசு’ என்றால் 10. மைக்கில் பேசும் குரல் 60 மீட்டர் வரை போகும், போகப்போகத் தேயும். ஒரு நிலப்பகுதியோ 256 மீட்டர் சதுரம். ஆயிரங்கால் மண்டபம் போல அரங்கம் எழுப்பினால், கடைசி வரிசை மாணவருக்கு நீங்கள் எழுதுவது வந்தே சேராது. தன் கணினிதான் பழுது என்று நினைத்து அவர் வாய் திறக்கமாட்டார். ஆகவே அரைவட்டமாக இரண்டே வரிசை போடுங்கள். கடைசி இருக்கை உங்களிடமிருந்து 15 மீட்டரைத் தாண்டக் கூடாது.

இன்னொரு கண்ணி இருக்கிறது. மாணவர் பலகையை நெருங்கிப் பார்க்க, அவதாரை விட்டுவிட்டுக் கேமராவை, அதாவது திரையில் காட்சி தெரியும் கோணத்தை மட்டும் நகர்த்துவார். உங்கள் குரல் சட்டென்று மெலியும். கேட்பது கேமரா இருக்கும் இடத்திலிருந்து என்று அமைப்பில் இருப்பதுதான் காரணம். அதை அவதார் நிற்கும் இடத்துக்கு மாற்றச் சொல்லுங்கள். ஹெட்போன் கட்டாயம், ஸ்பீக்கரில் கேட்கும் ஒருவர் போதும், வகுப்பு முழுக்க எதிரொலிக்கும்.

பலகையில் படம் முதலில் சாம்பலாக, பிறகு மங்கலாக, கடைசியில்தான் தெளிவாக வரும். நீங்கள் விளக்கி முடிக்கும்போதுதான் மாணவருக்கு எழுத்தே தெரியும். பலகைக்குப் பக்கத்தில் ஒரு பெட்டி வைத்து, வகுப்பின் பார்வையில் படும் முகத்தில் அடுத்த படத்தை ஒட்டிவையுங்கள்; அது மாணவர் கணினியில் முன்கூட்டியே இறங்கத் தொடங்கிவிடும்.

முதல் வகுப்பில் பாடமே வேண்டாம். நடக்க, உட்கார, கேமரா திருப்ப, மைக் சோதிக்க அந்த நேரம் சரியாக இருக்கும்.

இவ்வளவு பாடுபட்டும் நாற்காலியும் பலகையும்தான் என்றால், காணொளி அழைப்பே மேல். அங்கே போவது, உள்ளே நுழைந்து பார்க்க முடியாத ஒன்றுக்குள் நுழையத்தான்.

உதாரணமாக, 20 மைக்ரோமீட்டர் உயிர்ச் செல் ஒன்றைப் பத்து லட்சம் மடங்கு பெருக்குங்கள். 20 மீட்டர் அறை! ஒரு முனையில் எழுதுவது மறுமுனைக்கும் தெரியும். வகுப்பே உள்ளே நிற்கலாம். நடுவில் 6 மீட்டர் உருண்டையாக உட்கரு. மைட்டோகாண்ட்ரியா இடுப்பளவு தடிமன். ரைபோசோம் ஒரு நெல்லிக்காய். இவ்வளவையும் அடைத்து நிற்கும் சவ்வின் தடிமன் 7 மில்லிமீட்டர்தான். அதை மாணவரே கிட்டப்போய் அளக்கட்டும்.

டி.என்.ஏ.வை மட்டும் முழுதாகக் கட்ட முயலாதீர்கள். உட்கருவிலிருந்து 2 மில்லிமீட்டர் தடிமனில் ஒரு நூல் முனையை வெளியே தொங்கவிடுங்கள். ‘இதை இழுத்தால் எவ்வளவு நீளம் வரும்?’ என்று கேளுங்கள். மனிதச் செல்லில் இருப்பது 2 மீட்டர் என்று சொல்லிவிட்டு, கணக்கை அவர்களிடம் விடுங்கள். 2,000 கிலோமீட்டர் என்று ஒருவர் தட்டச்சு செய்ததும், எல்லா அவதார்களும் அந்த 6 மீட்டர் உருண்டையின் பக்கம் திரும்பும்.