பங்களாக் கொட்டில்களில் கிடக்கும் சலவை இயந்திரங்கள்

வணக்கம் நேயர்களே. மலையகத்தில் துணி துவைப்பதைவிடத் துவைத்த துணியைக் காய வைப்பதுதான் பெரும்பாடு என்பதை, தென்மேற்குப் பருவமழைக் காலத்தில் ஹட்டன், நோர்வூட் பக்கங்களில் ஒரு வாரமேனும் தங்கிய எவருக்கும் நான் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. அடுப்புக்கு மேலே கட்டிய கொடியில் தொங்கும் பள்ளிக்கூடச் சட்டை, இரண்டு நாளாகியும் ஈரம் விடாமல், புகை வாசனையையும் ஏற்றிக்கொண்டு திங்கட்கிழமை காலையில் இஸ்திரிப் பெட்டிக்கு வந்து சேர்வது நம் வீடுகளில் வழக்கம்தான். பழைய சலவை இயந்திரங்களைத் தேடிச் சேர்ப்பதோடு நில்லாமல் அவற்றிலேயே வீட்டுத் துணியைத் துவைத்தும் வருபவன் என்பதால், அவற்றைப் பற்றிப் பேசுமாறு வானொலி நிலையத்தார் என்னை அழைத்திருக்கிறார்கள். தேயிலைத் தொழிற்சாலையொன்றின் இயந்திரப் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். ரோலர், பெல்ட், பெயாரிங் என்று புழங்கிய கை, ஓய்வுக்குப் பிறகும் சும்மா இருக்க மறுத்தது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

இந்த இயந்திரங்கள் நம் மலைகளுக்கு எப்படி வந்தன என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். மலையகத்து ஆறுகளிலிருந்து மின்சாரம் எடுக்கலாம் என்று பொறியியலாளர் விமலசுரேந்திர 1918இலேயே வலியுறுத்தினார். லக்சபான மின்நிலையம் இயங்கத் தொடங்கியதோ 1950இல்தான். அந்த மின்சாரம் கொழும்பை ஒளிரச் செய்தபோதும், அணைக்கட்டுக்குப் பக்கத்திலிருந்த லயங்கள், அதாவது தோட்டத் தொழிலாளரின் வரிசை வீடுகள், பல பத்தாண்டுகளாக மண்ணெண்ணெய் விளக்கில்தான் இருந்தன. ஆகவே சலவை இயந்திரம் என்பது துரை பங்களாவுக்கு உரிய பொருளாகவே இருந்தது. லயத்துப் பெண்கள், மலைத் தண்ணீர் வந்து விழும் பீலிக்கரைக் கல்லில் துணியை அடித்துத் துவைத்தார்கள். 1975இல் கம்பனித் தோட்டங்கள் அரசுடைமையாகி, எஞ்சியிருந்த வெள்ளைக்காரத் துரைமாரும் புறப்பட்டபோது, தூக்கிச் செல்ல முடியாத சாமான்களில் சில பங்களாக் கொட்டிலிலேயே தங்கிவிட்டன. அப்படித் தங்கியவற்றைத்தான் நான் தேடுகிறேன்.

நான் மிகவும் விரும்பும் இயந்திரம், ஹூவர் கம்பனி 1948இல் வேல்ஸ் நாட்டின் மேர்த்தர் டிட்ஃபில் நகரில் திறந்த தொழிற்சாலையில் செய்த சிறிய ஒற்றைத் தொட்டி இயந்திரம். இடுப்பளவு உயரம், உள்ளே தொட்டியின் பக்கச் சுவரில் ஒரு சுழல்தட்டு. அது சுழன்றால் தண்ணீர் சுழலும், தண்ணீரோடு துணியும் சுழலும். அவ்வளவுதான் அதன் வித்தை. நாலைந்து சட்டைகளுக்கு மேல் அது தாங்காது. மேலே கையால் சுற்றும் பிழியுருளை இருக்கிறது. வேலை முடிந்ததும் அதை மடித்துத் தொட்டிக்குள்ளேயே இறக்கிவிடலாம். எனக்குக் கிடைத்த இயந்திரத்தில் யாரோ கோழித் தீவனம் போட்டு வைத்திருந்தார்கள். அதனால்தான் அது பழைய இரும்புக் கடைக்குப் போகாமல் தப்பியது.

அதைத் துப்புரவாக்கி ஓட்டிப் பார்த்த செய்தி எப்படியோ பரவி, அது கிடந்த பங்களாவில் முன்பு ஆயாவாக இருந்த ஒரு மூதாட்டி, பேரனைத் துணைக்கு அழைத்துக்கொண்டு என் வீட்டுக்கு வந்தார். நான் ஒரு சட்டையை எடுத்து உருளைக்குள் கொடுக்கப் போனதும் கையைப் பிடித்து நிறுத்திவிட்டார். "தம்பி, சட்டைய அப்புடியே குடுக்காத. பொத்தானெல்லாம் உள்ளுக்கு மடிச்சிக் குடு. கொலர் மொதல்ல போகணும்" என்றார். பிறகு தாமே பிடியைச் சுற்றத் தொடங்கினார். போர்வையை எப்படி நீளவாக்கில் மடிப்பது, தடித்த தையல் ஒரே பக்கமாகச் சேர்ந்துவிடாமல் எப்படி விரிப்பது, பிழிந்து வெளியே வரும் துணியை மறு கையால் எப்படித் தாங்குவது என்று ஒவ்வொன்றாகக் காட்டினார். துரைசாணிக்கு அந்த இயந்திரத்தை ஓட்டவே தெரியாது என்றும், கடிதாசியில் எழுதியிருந்ததை வாசித்துச் சொன்னது மட்டுமே அவர் வேலை என்றும் சொல்லிச் சிரித்தார். இயந்திரத்துக்கு உரியவர்கள் யார் என்று என்னிடம் கேட்டால், அந்த மூதாட்டியைத்தான் காட்டுவேன்.

பிழியுருளை என்றதும் எனக்கு நேரம் போவது தெரியாது, பொறுத்துக்கொள்ளுங்கள். பார்த்திராதவர்கள் கரும்புச் சாறு பிழியும் இயந்திரத்தை நினைத்துக்கொண்டால் போதும். ஒன்றின்மேல் ஒன்றாக இரண்டு இறப்பர் உருளைகள். நடுவே துணி போகிறது, தண்ணீர் தொட்டிக்குள்ளேயே வழிகிறது. சவர்க்காரத் தண்ணீர் வீணாவதில்லை. துணியில் சவர்க்காரம் அதிகம் தங்காததால் அலசும் தண்ணீரும் குறைவாகவே போதும். அதே தண்ணீரில் முதலில் வெள்ளைத் துணி, அடுத்தது நிறத் துணி, கடைசியில் கொழுந்துக் கறை பிடித்த மலை உடுப்பு என்று வரிசையாகத் துவைத்து எடுக்கலாம். மாசி, பங்குனியில் பீலியில் தண்ணீர் நூலாக இறங்கும்போது இதன் அருமை தெரியும். கையால் சுற்றும் உருளைக்கு மின்சாரமும் தேவையில்லை. 2022 மார்ச் இறுதியில் நாளொன்றுக்கு 13 மணி நேரம் வரை மின்வெட்டு நீண்டபோது, அயல்வீட்டுப் புதிய இயந்திரங்கள் கதவு பூட்டியபடி ஈரத் துணியோடு நிற்க, எங்கள் வீட்டுத் துணி பிழியப்பட்டுக் கொடிக்குப் போனது. இதைச் சற்றுப் பெருமையோடுதான் சொல்கிறேன்.

ஆனால் உருளையைப் பராமரிக்க வேண்டும். வேலை முடிந்ததும் இறுக்கத்தைத் தளர்த்திவிடுங்கள். இறுக்கியபடி விட்டால் இறப்பர் ஒரு பக்கம் தட்டையாகி, பிறகு ஒருபோதும் சீராகப் பிழியாது. காய்ந்து வெடித்த உருளைக்கு, அச்சக உருளைகளுக்கு இறப்பர் போர்த்துபவர்களிடம் கேட்டுப் பாருங்கள். மின்சாரத்தால் சுற்றும் உருளை என்றால் எச்சரிக்கை இன்னும் கூடுதலாக வேண்டும். அமெரிக்காவில் மேடாக் கம்பனி அத்தகைய இயந்திரங்களை 1983 வரை செய்தது. அந்நாட்டில் சிறு பிள்ளைகளின் கைகள் உருளையில் அகப்பட்ட விபத்துகள் ஏராளம். அதனாலேயே தட்டியவுடன் உருளைகள் விலகும்படி ஒரு விடுவிப்புக் கம்பியை மேலே பொருத்தினார்கள். சேலைத் தலைப்பு, கழுத்துச் சங்கிலி, பின்னாத கூந்தல் எதுவும் அதன் அருகே வரக்கூடாது.

நம் மலைத் தண்ணீரும் இந்த இயந்திரங்களுக்கு ஒரு வரம். யாழ்ப்பாணத்தில் சுண்ணாம்புக்கல்லுக்குள்ளிருந்து வரும் கிணற்றுத் தண்ணீர் சவர்க்காரத்தை நுரைக்க விடாது. இயந்திரத்துக்குள்ளும் சுண்ணாம்பு படியும். நமது பாறைகளிலிருந்து வரும் தண்ணீரோ மென்மையானது. சீவிய கட்டிச் சவர்க்காரத்தில் ஒரு கைப்பிடி போதும். கூடினால் நுரை தொட்டிக்கு மேலே வந்துவிடும். பொறியும் எளிமையானதுதான். 1899இல் பாலாடை பிரிக்கும் இயந்திரங்களோடு தொடங்கிய ஜெர்மனியின் மீலே கம்பனி, வெண்ணெய் கடையும் மரத் தொட்டியைச் சற்று மாற்றியே தன் முதல் சலவை இயந்திரத்தைச் செய்தது. மத்தும் தொட்டியும் தெரிந்தவருக்கு இதைத் திறந்து பார்க்க என்ன தயக்கம்?

1977க்குப் பிறகு இறக்குமதி தாராளமாகி, மத்திய கிழக்கிலிருந்து திரும்பியவர்களும் சாமான்கள் கொண்டுவரத் தொடங்கியதும், ஜப்பானிய இரட்டைத் தொட்டி இயந்திரங்கள் மலையகத்துக் கடைவீதிகளுக்கும் வந்தன. அவற்றுக்கும் ஹூவருக்கும் உறவுண்டு: சான்யோ கம்பனி 1953இல் வெளியிட்ட இயந்திரம் அந்தப் பிரித்தானிய இயந்திரத்தைப் பார்த்தே பக்கச் சுழல்தட்டோடு உருவானது. இரட்டைத் தொட்டியின் சுழற்றிப் பிழியும் பகுதி மழைக்காலத்தில் உருளையையும் மிஞ்சும் என்பதை ஒப்புக்கொள்கிறேன். மூடியைத் திறந்ததும் அது சட்டென்று நிற்காவிட்டால் பிரேக் தேய்ந்திருக்கிறது, மாற்றும்வரை ஓட்டாதீர்கள். இதைப் பற்றி விரிவாகச் சொல்ல நினைத்திருந்தேன். கண்ணாடிக்கு அப்பாலிருந்து நேரம் முடிகிறது என்று கை காட்டுகிறார்கள். உருளை என் நேரத்தையும் பிழிந்துவிட்டது.

மின்சாரத்தைப் பற்றி மட்டும் விரைவாகச் சொல்லி முடிக்கிறேன். கொட்டிலில் கிடந்த மோட்டாரை எடுத்தவுடன் பிளக்கில் செருகாதீர்கள். மூடுபனி ஈரம் சுருளுக்குள் இறங்கியிருக்கும். மோட்டாரைக் கழற்றி ஒரு பெட்டியில் வைத்து, 100 வாட் குண்டு பல்பைப் பக்கத்தில் எரியவிட்டுக் காய வையுங்கள். பிறகு மின்னியலாளரிடம் கொடுத்து மின்கசிவு இருக்கிறதா என்று மெகர் மீட்டரால் அளக்கச் சொல்லுங்கள். 60 ஹேர்ட்ஸ் மின்சாரத்துக்கென்று செய்த அமெரிக்க இயந்திரமானால், டிரான்ஸ்ஃபோர்மர் போட்டாலும் நமது 50 ஹேர்ட்ஸ் மின்சாரத்தில் மோட்டார் ஆறில் ஒரு பங்கு வேகம் குறைந்தே ஓடும். பழைய எண்ணெய்க் கொன்டென்சரை உடைத்துப் பார்க்க வேண்டாம். இறப்பர் உறை வெடித்த இரண்டு கம்பி வயரைக் கழற்றி எறிந்துவிட்டு, மூன்று கம்பி வயரால் உலோக உடலை எர்த்தோடு இணைத்து, வீட்டு ட்ரிப் சுவிட்சின் சோதனைப் பொத்தானை அழுத்திப் பார்த்த பிறகே தொட்டியில் தண்ணீர் ஊற்றுங்கள். நன்றி, வணக்கம்.