மூன்று மாதத்தில் உடம்பு எவ்வளவு மாறும்?

வணக்கம் நண்பர்களே. "அண்ணா, மூன்று மாதத்தில் சிக்ஸ் பேக் வருமா?" என்று கேட்காத தம்பிகளே இல்லை. இன்று கணக்குப் போட்டே பார்த்துவிடுவோம்.

ஒரு கிலோ உடல் கொழுப்பில் சுமார் 7,700 கலோரி இருக்கிறது. தினமும் 500 கலோரி குறைத்துச் சாப்பிட்டால் வாரத்துக்கு 3,500. அரைக் கிலோகூட முழுதாக வரவில்லை. மூன்று மாதத்தில் ஐந்து, ஐந்தரை கிலோ குறையலாம். முகூர்த்த மாதம் என்றால் அதிலும் கொஞ்சம் கழித்துக்கொள்ளுங்கள். "முதல் வாரமே இரண்டு கிலோ இறங்கியதே?" என்பீர்கள். அதில் பெரும்பகுதி தண்ணீர். சோற்றைக் குறைத்ததும் உடம்பு கிளைக்கோஜனாகச் சேமித்துவைத்த மாவுச்சத்து கரைகிறது. அதன் ஒவ்வொரு கிராமோடும் ஏறத்தாழ மூன்று கிராம் நீரும் போகிறது. ஞாயிறு பிரியாணிக்குப் பிறகு திங்கள் காலை எடை ஏறுவதும் இதனால்தான், பயப்படாதீர்கள்.

தசை இன்னும் நிதானம். புதிதாகத் தொடங்கும் ஆணுக்கு, எல்லாம் ஒழுங்காக நடந்தால், மாதம் அரைக் கிலோவிலிருந்து ஒரு கிலோ வரை கூடலாம். பெண்களுக்கு அதில் பாதி. முதல் வருடம் தாண்டினால் இந்த வேகமும் குறையும். ஆரம்ப வாரங்களில் தூக்கும் எடை கிடுகிடுவென ஏறுகிறதே, அது தசை பெருத்ததால் அல்ல. இருக்கிற தசையை வேலை வாங்க நரம்புகள் பழகுகின்றன.

பிறகு சிலர் மட்டும் எப்படிச் சில மாதங்களில் ஆளே மாறிவிடுகிறார்கள்? 1996இல் நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின் இதழில் வந்த ஓர் ஆய்வைச் சொல்கிறேன். பத்து வாரம், வாரம் 600 மில்லிகிராம் டெஸ்டோஸ்டிரோன் என்ற ஆண் ஹார்மோன் ஊசி. ஊசி போட்டுக்கொண்டு பயிற்சியே செய்யாதவர்களுக்குக் கொழுப்பில்லாத எடை சராசரியாக மூன்று கிலோவுக்கு மேல் கூடியது. ஊசி மருந்தில்லாமல் எடை தூக்கியவர்களுக்குச் சுமார் இரண்டு கிலோதான். சும்மா இருந்தவர் ஜெயித்துவிட்டார்! இரண்டும் சேர்ந்தவர்களுக்கு ஆறு கிலோ. அப்படி ஆளே மாறியவர் படத்தைச் சுவரில் ஒட்டி ஏங்காதீர்கள். அந்த ஊசி விந்தணு உற்பத்தியையே முடக்கும் என்பதைப் படத்துக்குக் கீழே யாரும் எழுதுவதில்லை.

நம் தட்டுக்கு வருவோம். எடை தூக்குபவருக்கு உடல் எடையின் ஒவ்வொரு கிலோவுக்கும் 1.6 கிராம் புரதம் போதும். 70 கிலோ ஆளுக்கு 112 கிராம். காலையில் நான்கு இட்லி, மதியம் சாம்பார் சாதம், பொரியல், தயிர், இரவு மூன்று தோசை என்றால் ஐம்பதைத் தொடுவதே பெரும்பாடு. நான்கு முட்டை 24, வேகவைத்த கோழி நெஞ்சுக்கறி 150 கிராம் என்றால் 45. கணக்கு முடிந்தது. ஆனால் கலோரி ஏறாமல் இருக்க தோசையையும் சோற்றையும் குறைக்கவேண்டும். அங்கேதான் எல்லோரும் முகம் சுளிக்கிறார்கள்.

புதியவர்களுக்கும் அதிகக் கொழுப்பு உள்ளவர்களுக்கும் தசை ஏறுவதும் கொழுப்பு இறங்குவதும் ஒன்றாகவே நடக்கும். அப்போது எடைமெஷின் அசையாது. தையல்காரர் டேப்பை எடுத்து, காலையில் வெறும் வயிற்றில், மூச்சை இயல்பாக விட்டுத் தொப்புளுக்கு நேராக அளந்து எழுதிவையுங்கள். வயிற்றை உள்ளிழுத்து டேப்பை ஏமாற்றவேண்டாம்.

சர்க்கரைக்கு மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர்கள் சாப்பாட்டைக் குறைக்குமுன் மருத்துவரிடம் கேளுங்கள். அளவை அவர் மாற்றவேண்டியிருக்கும்.