உரிச்ச ஆரஞ்சு ஏன் முழுகுது?

நேயர்கள் எல்லாருக்கும் வணக்கம். சின்னப் பிள்ளைங்களுக்கு அறிவியல் சொல்லிக் கொடுக்கிறதப் பத்திப் பேசச் சொல்லியிருக்காங்க. முதல்லயே ஒன்னு சொல்லிடறேன், டீச்சர் மேஜை மேல வச்சு ஏதோ செஞ்சு காட்டுவாங்க, பிள்ளைங்க கையக் கட்டி உக்காந்து பாத்துட்டு கை தட்டும், அதுக்குப் பேரு மேஜிக் ஷோ. பிள்ளை கையில பொருள் போகணும், தப்பா ஒரு பதில் சொல்லணும், அத அதுவே போட்டுப் பாத்துத் தெரிஞ்சுக்கணும்.

ஒரு பக்கெட் தண்ணி, தோல் தடியா இருக்கிற ஒரு ஆரஞ்சு, இது போதும். போடறதுக்கு முன்னாடி முழுகுமா மிதக்குமான்னு கேளுங்க, ஆறு வயசுப் பிள்ளைங்கள்ல பாதிப் பேரு கனமா இருக்கு, முழுகிடும்னுதான் சொல்லும். போட்டா மிதக்கும். சரி, தோல உரிச்சுட்டா? உரிச்சா வெயிட்டு கொறையும்ல, இன்னும் நல்லா மிதக்கும்னு அடிச்சுச் சொல்லும், ஆனா போட்டா பழம் நேரா அடியில போய் உக்காந்துக்கும் பாருங்க, அப்ப அந்த மூஞ்சியப் பாக்கணும்! இங்கதான் நம்ம வாய மூடிக்கிட்டு இருக்கணும், பெரியவங்களுக்கு இதுதான் ரொம்ப கஷ்டம். கொஞ்ச நேரம் விட்டா ஏதாவது ஒன்னு, தோல மட்டும் போட்டுப் பாக்கட்டுமான்னு கேக்கும். அதுவா ஒரு சோதனைய யோசிச்சிருச்சு, அன்னிக்கு அது போதும். தோலுக்குள்ள இருக்கிற வெள்ளைப் பஞ்சுல நிறைய காத்து இருக்குங்கறத நாளைக்குப் பேசிக்கலாம். உள்ள காத்து அடைச்சிருக்கிற கமலாப் பழமா இருந்தா உரிச்சாலும் சில சமயம் மிதக்கும், அதுவும் நல்லதுதான், இன்னொரு கேள்வி கிடைச்சுது.

இது ஒன்னும் புதுசு இல்லீங்க. மத்தியப் பிரதேசத்துல ஹோஷங்காபாத் மாவட்டத்துல 1972லயே 16 நடுநிலைப் பள்ளிகள்ல இப்படி ஆரம்பிச்சாங்க, எல்லாம் கிராமத்துப் பள்ளிக்கூடம், லேப் கிடையாது, பிள்ளைங்க குழுவா உக்காந்து தாங்களே செஞ்சு பாக்கும், பரீட்சைக்குக்கூட புத்தகத்தத் திறந்து வச்சுக்கலாம். பின்னாடி ஏகலைவா அமைப்பு அத எடுத்து நடத்துச்சு, 2002ல அரசாங்கம் நிறுத்திட்டாங்க, எனக்கு இன்னைக்கும் அதுல வருத்தம்தான். குப்பையில பொம்மை செய்யற அரவிந்த் குப்தா, கான்பூர் ஐஐடில படிச்சவரு, அவரோட தீக்குச்சி விளையாட்டு அங்க போனப்ப வந்ததுதான்.

அது என்னன்னா, சைக்கிள் கடையில வால்வு டியூப் வாங்கி சின்னச் சின்னத் துண்டா வெட்டிக்கணும், தீக்குச்சியில மருந்த நாமளே சுரண்டி எடுத்துட்டு பிள்ளைங்ககிட்ட குடுக்கணும், குச்சிய டியூப்புல சொருகி முக்கோணம் ஒன்னு, சதுரம் ஒன்னு செய்யச் சொல்லுங்க. சதுரத்தை லேசா அமுக்கினா சாஞ்சுடும், முக்கோணம் அசையாது. அப்புறம் ரோட்டுல செல்போன் டவர் பக்கமா போறப்ப சும்மா நிமிந்து பாக்கச் சொல்லுங்க, அங்க ஏன் அத்தனை முக்கோணம்னு பிள்ளை வாயாலயே வரும்.

நம்ம தமிழ்நாட்டுல 2022ல, அரசுப் பள்ளிப் பிள்ளைங்க அறிவியலயும் கணக்கையும் செஞ்சு பாத்துப் படிக்கறதுக்குன்னு வானவில் மன்றம்னு ஒரு திட்டம் வந்துச்சு, நல்ல விஷயம், ஆனா அது ஆறாவதுல இருந்து எட்டாவது வரைக்கும்தான். அதுக்குக் கீழ இருக்கிற பொடிசுங்கதான் ஏன் ஏன்னு நம்மள உயிர எடுக்குதுங்க, அதுங்களுக்கு வீட்டுலதான் செய்யணும். ஆயிரம் ரூவா குடுத்து கிட் வாங்காதீங்க, அதுல பதிலும் சேத்தே அச்சடிச்சு வச்சிருப்பாங்க. வீடு ஈரமாகும்தான், தொடச்சுக்கலாம்.

பூவரச மரம் இருக்கிற ஊருன்னா இலையச் சுருட்டி பீப்பீ செஞ்சு குடுங்க, பெரிய இலையில ஒன்னு சின்ன இலையில ஒன்னு, ரெண்டும் ஒரே மாதிரி சத்தம் போடுமான்னு ஊதறதுக்கு முன்னாடியே கேட்டுடுங்க. பதில நான் சொல்ல மாட்டேன். வரேங்க, வணக்கம்.